உடலுக்குள் ஓடும் தூதுவர்கள்



சென்ற ஆண்டுக் கணக்கறிக்கையில் 'ஏழைத் தம்பதியருக்கான ஹார்மோன் பரிசோதனை' என்று ஒரு செலவு இருந்ததைப் பார்த்து, இது என்னவென்று கேட்டு உங்களில் சிலர் கடிதம் எழுதியிருந்தீர்கள். ஜனத்தொகை மிகுந்த நாட்டில் பிள்ளை இல்லாதவர்களுக்காகக் காணிக்கைப் பணத்தைச் செலவிட வேண்டுமா என்று ஒரு பெரியவர் ஒளிவுமறைவின்றிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் நம் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெண்களைப் பார்க்கிறவர்களுக்கு அதற்குப் பதில் தெரியும். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிவிட்டால் அவர்களுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் வந்துவிடுகிறது. சீமந்தத்துக்கு அழைக்கமாட்டார்கள். கணவனுக்கு இரண்டாம் தாரம் பேசத் தொடங்குவார்கள். தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கண்ட இடத்தில் கண்ட ஊசியைப் போட்டுக்கொண்டு, கடைசியில்தான் நம்மிடம் வருகிறார்கள்.

அன்னாளின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபம்பண்ணின அந்தப் பெண்ணைக் குடித்திருக்கிறவள் என்று நினைத்தது ஆசாரியனாகிய ஏலிதான் என்பதை, எங்களைப் போன்ற ஊழியக்காரர் மறக்கக் கூடாது. பிள்ளையில்லாமையைக் குறித்து ஒன்றும் அறியாமல் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் பழையது. ஆகவே இவ்விதழில், கருத்தரிப்பை நடத்தும் ஹார்மோன்கள் உடலின் செல்களுக்குள் எப்படி வேலை செய்கின்றன என்பதை, நம் மகப்பேறு டாக்டரம்மா எங்களுக்குப் பொறுமையாக விளக்கியபடி எழுதுகிறோம்.

'ஹார்மோன்' என்ற பெயரை 1905-ல் லண்டனில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடலியல் அறிஞர். கிரேக்க வினைச்சொல் ஒன்றிலிருந்து எடுத்தார். செமினரியில் கிரேக்கம் படித்தவர்களுக்கு அது பழகிய சொல். மாற்கு சுவிசேஷத்தில் பன்றிக்கூட்டம் செங்குத்தான சரிவிலிருந்து கடலை நோக்கிப் பாய்கிறதே, அங்கே வருவது அதே வினை. உந்துவது, பாய்ந்து புறப்படச் செய்வது என்று பொருள். ஒரு சுரப்பியில் உண்டாகி, இரத்தத்தில் கலந்து, தொலைவிலுள்ள வேறோர் உறுப்பை வேலை செய்யச் சொல்லும் தூதன் என்று ஹார்மோனைச் சொல்லலாம். இதன் அளவோ மிகச் சொற்பம். ஒரு மில்லி இரத்தத்தில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன், கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை.

இரத்தம் எல்லா இடத்துக்கும் போகிறது. அப்படியானால் தூதும் எல்லாச் செல்லுக்கும் போய்ச் சேர்கிறது. ஆனால் கேட்பது சில செல்கள் மட்டுமே. காரணம், அந்தத் தூதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதம் அவற்றில்தான் இருக்கிறது. ஏற்பியைச் செல்லின் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரை முழுவதும் இந்தக் காதைப் பற்றியதுதான்.

முதல் தூது மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறிய இடத்திலிருந்து புறப்படுகிறது. ஜி.என்.ஆர்.எச். என்று அதற்குப் பெயர். வெறும் பத்து அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரம். 1971-ல் இதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். மூளையிலிருந்து புறப்படும் இவ்வகை ஹார்மோன்களை ஆராய்ந்ததற்காக ஆண்ட்ரூ ஷாலி, ரோஜே கியெமன் என்ற இருவருக்கும் 1977-ல் நோபல் பரிசு பகிர்ந்து கொடுக்கப்பட்டது. பிற்சொன்னவர் பிரான்சின் திஜோன் நகரத்தில் பிறந்தவர் என்பதைப் பிரெஞ்சுப் பற்றுள்ள நம் ஊர் நண்பர்களுக்காகச் சொல்லிவைக்கிறோம்.

இந்தத் தூதில் ஒரு விசேஷம் உண்டு. அது விடாமல் சுரப்பதில்லை. மாதத்தின் முற்பகுதியில் ஏறக்குறைய ஒன்று அல்லது ஒன்றரை மணிக்கு ஒருமுறை துடிப்பாக வருகிறது. பிற்பகுதியில் இடைவெளி நீள்கிறது. இந்த இடைவெளிக்கு என்ன முக்கியத்துவம் என்பதை அமெரிக்காவில் எர்னஸ்ட் நோபில் என்ற விஞ்ஞானியின் குழு 1978-ல் குரங்குகளில் காட்டியது. சொந்த ஜி.என்.ஆர்.எச். இல்லாதபடி செய்யப்பட்ட குரங்குகளுக்கு மணிக்கு ஆறு நிமிஷம் வீதம் அதைச் செலுத்தினார்கள். அடுத்த சுரப்பி விழித்துக்கொண்டு வேலை செய்தது. அதே மருந்தை இடைவிடாமல் செலுத்தினார்கள். சுரப்பி ஓய்ந்துவிட்டது. மறுபடி விட்டுவிட்டுக் கொடுத்ததும் மறுபடி எழுந்தது.

மிஷன் வீதியில் வசிக்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சம்பா கோவில் மணி தன் வேளையில் அடித்தால் தெருவே நிமிர்ந்து கேட்கிறது. அதே மணி காலை முதல் இரவு வரை ஓயாமல் அடித்தால் இரண்டு நாளில் ஒருவர் காதிலும் அது விழாது. செல்லும் அப்படித்தான். ஓயாத தூது வந்தால் தன் காதுகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அரைப்பட்டினி, கடும் மனவேதனை, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி இவற்றால் மூளை இந்தத் துடிப்பைக் குறைத்துவிடுவதும் உண்டு. அப்போது மாதவிடாய் நின்றுபோகும். சாப்பாடில்லாத உடம்பு பிள்ளை சுமப்பதைத் தள்ளிப்போடுகிறது என்று டாக்டரம்மா சொல்வார்.

துடிப்பைக் கேட்ட பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. ஒன்று எஃப்.எஸ்.எச்., மற்றொன்று எல்.எச். இவை பெரிய புரதங்கள். செல்லின் சுவருக்குள் நுழைய இவற்றால் முடியாது. தபால்காரரைப் போல் வாசலில் நின்று கதவைத் தட்டும். வாசலிலுள்ள ஏற்பி அசைந்துகொடுக்க, உட்புறத்தில் 'ஜி-புரதம்' என்ற இடையாள் விழித்து, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு பொருளை ஏராளமாக உண்டாக்கச் செய்கிறது. இதுதான் வீட்டுக்குள் ஓடும் இரண்டாம் தூதன். வெளியே தட்டியது ஒரு கை, உள்ளே ஓடுவது ஆயிரம் பேர். இத்தனை சொற்ப ஹார்மோன் இத்தனை பெரிய வேலையைச் செய்யும் இரகசியம் இந்தப் பெருக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் தூதனைக் கண்ட ஏர்ல் சதர்லாந்துக்கு 1971-லும், ஜி-புரதத்தைக் கண்ட கில்மன், ராட்பெல் இருவருக்கும் 1994-லும் நோபல் பரிசு கிடைத்தது.

சினைப்பையில் இதனால் நடப்பதைப் பாருங்கள். கருமுட்டையைச் சூழ்ந்து இரண்டு அடுக்குச் செல்கள் உள்ளன. வெளியடுக்கு எல்.எச். சொல்வதைக் கேட்டு, கொழுப்பிலிருந்து ஆண்தன்மையுள்ள ஒரு ஹார்மோனைச் செய்கிறது. உள்ளடுக்கு எஃப்.எஸ்.எச். சொல்வதைக் கேட்டு, அரோமடேஸ் என்ற நொதியை உண்டாக்கி, அதையே ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஒரு வீட்டில் மாவு அரைத்துக் கொடுக்க, அடுத்த வீட்டில் இட்லி வேகிறது. இரண்டில் ஒரு வீடு படுத்துக்கொண்டாலும் இட்லி இல்லை.

இந்த ஈஸ்ட்ரோஜனும், பின்பு வரும் புரோஜெஸ்டிரோனும் வேறு ஜாதித் தூதுவர்கள். கொழுப்பில் கரைபவை. வாசலில் நிற்கமாட்டா. மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குள் போவதைப் போல நேரே உள்ளே போய்விடும். இவற்றின் ஏற்பி செல்லின் உட்கருவிலேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மரபணுவின் மேல் உட்கார்ந்து, எந்தப் புரதத்தைச் செய், எதை நிறுத்து என்று உத்தரவிடுகின்றன. தபால்காரரின் செய்தி நிமிஷங்களில் வேலை செய்யும். மாப்பிள்ளையின் உத்தரவு நிறைவேற மணிக்கணக்கும் நாட்கணக்கும் ஆகும். ஆனால் வீட்டையே மாற்றிவிடும். கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் பஞ்சணைபோல் ஆவது ஈஸ்ட்ரோஜனால். அது கருவை ஏற்கத் தயாராவது புரோஜெஸ்டிரோனால்.

ஈஸ்ட்ரோஜன் மூளைக்கும் சேதி சொல்கிறது. சாதாரணமாக 'போதும், குறைத்துக்கொள்' என்பதே அந்தச் சேதி. ஆனால் அது மிக உயர்ந்து ஏறக்குறைய இரண்டு நாள் அப்படியே நின்றால் சேதி தலைகீழாகிறது. பிட்யூட்டரி எல்.எச்.-ஐக் கொட்டுகிறது. அதிலிருந்து ஒன்றரை நாளளவில் முட்டை வெடித்து வெளிவருகிறது. ஒரே சொல், அளவும் நேரமும் மாறியதும் எதிர்ப்பொருள் தருகிறது! மனிதன் அமைத்த எந்த இயந்திரத்திலும் இப்படி ஓர் ஏற்பாட்டை நாங்கள் கண்டதில்லை.

காது இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1995-ல் பின்லாந்து விஞ்ஞானிகள் இதற்கு விடை கண்டார்கள். அந்நாட்டுச் சில குடும்பங்களில் இளம்பெண்களுக்குச் சினைப்பை வேலை செய்யவில்லை. இரத்தத்தில் எஃப்.எஸ்.எச். குறைவில்லை, மிக அதிகமாகவே இருந்தது. ஏற்பியின் மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியிருந்ததால் செல் செவிடாகிவிட்டது. கேட்காத செவியை நோக்கி மூளை உரக்கக் கத்திக்கொண்டிருந்தது. ஆகவே 'ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகிவிடும்' என்று எல்லாருக்கும் ஒரே மருந்தை எழுதித் தருகிறவர்களிடம் எச்சரிக்கையாயிருங்கள் என்கிறோம். தூது போதவில்லையா, காது கேட்கவில்லையா, வேளை தவறிவிட்டதா என்று முதலில் அறிய வேண்டும். பரிசோதனை அதற்குத்தான்.

மூளை உரக்கக் கத்தும் இந்த விஷயத்தையே ஒரு மருந்தாக்கிய கதை இத்தாலியில் நடந்தது. மாதவிடாய் நின்ற பெண்களின் சினைப்பை பதில் தருவதில்லை. அதனால் பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டையும் அதிகமாய் அனுப்ப, மிஞ்சியது சிறுநீரில் கழிகிறது. ரோமாபுரியில் செரோனோ என்ற கம்பெனியின் இரசாயனர் பியெரோ டோனினி அதைப் பிரித்தெடுத்துப் பெர்கோனால் என்று பெயரிட்டார். பத்து வருஷமளவும் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. பிறகு புரூனோ லூனன்ஃபெல்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளர் கம்பெனியை நாடினார். மாதவிடாய் நின்ற, கர்ப்பத்துக்கு இடமில்லாத நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே இடத்தில் எங்கே கிடைப்பார்கள்? வயது முதிர்ந்த கன்னியர் வாழும் மடங்களில்! போப் பன்னிரண்டாம் பயஸின் மருமகன் முறையான ஜூலியோ பச்செல்லி, கம்பெனியின் நிர்வாகக் குழுவில் இருந்தபடியால் அந்தக் கதவுகள் திறந்தன. ஒரு பெண்ணுக்கு ஒருமுறை சிகிச்சை செய்யப் பத்துக் கன்னியரின் பத்து நாள் சிறுநீர் தேவைப்பட்டதாம். இந்த மருந்தால் முதற்குழந்தை 1962-ல் இஸ்ரேலில் பிறந்தது. பிள்ளை பெறாமல் தங்களை ஒப்புக்கொடுத்த அந்தத் தாய்மார்களால் எத்தனை வீடுகளில் தொட்டில் ஆடியதோ! 1995 முதல் எஃப்.எஸ்.எச்.-ஐச் செல் வளர்ப்பின் மூலம் ஆய்வுக்கூடத்திலேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

இதே வகை மருந்தைக் கையில் எடுத்து, நம் நாட்டில் ஒரு மனிதர் செய்த காரியத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. 1931-ல் பிறந்தவர். கல்கத்தாவில் ஒன்றும் எடின்பரோவில் ஒன்றுமாக இரண்டு டாக்டர் பட்டம் பெற்றவர். எடின்பரோவில் அவர் ஆராய்ந்தது இனப்பெருக்க ஹார்மோன்களைத்தான். 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதற்குச் சரியாக எழுபதாம் நாள், அக்டோபர் 3-ல், முகர்ஜியின் முயற்சியால் கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா என்று அழைத்தார்கள்.

இரண்டு முறைகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம்தான் நம் விஷயத்துக்கு முக்கியம். இங்கிலாந்து டாக்டர்கள் ஹார்மோன் ஊசிகளை முதலில் முயன்று, கரு தங்காமல் போகவே அதை விட்டுவிட்டு, பெண்ணின் இயற்கைச் சுழற்சியில் வரும் ஒற்றை முட்டையை நம்பினார்கள். முகர்ஜி ஊசி போட்டுப் பல முட்டைகளை வளர்த்தார். ஆனால் ஊசியால் பல முட்டைகள் வளரும்போது ஈஸ்ட்ரோஜனும் அளவு மீறுகிறது. அதைச் சினைப்பை மட்டும் கேட்பதில்லை, கர்ப்பப்பையும் கேட்கிறது. அதன் உட்சுவர் வேளை தவறித் தயாராகி, கரு வரும்போது வாசலை மூடியிருக்கும். இதற்கு முகர்ஜி கண்ட வழி, கருவை உடனே உள்ளே வைக்காமல் 53 நாள் உறையவைத்துக் காத்திருந்து, ஊசியின் ஆரவாரம் அடங்கிய பின்னொரு சுழற்சியில் வைத்ததாகும். சினைப்பைக்கு ஒரு வேளை, கர்ப்பப்பைக்கு ஒரு வேளை. உறைந்த கருவிலிருந்து மேல்நாட்டில் குழந்தை பிறந்தது 1984-ல்தான். இன்று உலகெங்கும் பல பெரிய மருத்துவமனைகள் கருவை உறையவைத்துப் பின்னொரு மாதத்தில் வைக்கின்றன.

அவருக்குக் கிடைத்த சன்மானம் என்ன? மேற்கு வங்க அரசு 1978 நவம்பரில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. இத்துறையில் அனுபவமில்லாதவர்கள் உட்கார்ந்து, அவர் சொன்னது நம்பத்தகாதது என்றார்கள். ஜப்பானுக்குப் போய்ப் பேச அனுமதி கிடைக்கவில்லை. 1981-ல் கண் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு மாற்றினார்கள். ஹார்மோன் ஆராய்ச்சியாளருக்குக் கண் மருத்துவம்! அவ்வருஷம் ஜூன் 19-ல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986 ஆகஸ்ட் 6-ல் பம்பாயில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி.சி. ஆனந்த்குமாரும் கொண்டுவந்த குழந்தையே இந்தியாவின் முதலாவது என்று ஏடுகளில் ஏறியது. பின்னர் அந்த ஆனந்த்குமாரே கல்கத்தா சென்று, முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதன்மை எனக்குரியதன்று, அவருக்கே உரியது என்று 1997-ல் எழுதி வெளியிட்டார். தன் பெயருக்கு வந்த மகிமையை இப்படித் திருப்பிக் கொடுத்த விஞ்ஞானிகள் அபூர்வம்.

இத்தனை பெரிய சிகிச்சை எல்லாருக்கும் தேவையில்லை. நம்மிடம் வருகிறவர்களில் பலருக்கு இருப்பது பி.சி.ஓ.எஸ். நீர்க்கட்டி என்று பெயர் பரவிவிட்டது. உண்மையில் அவை பாதியில் வளர்ச்சி நின்ற முட்டைப்பைகள். இதற்கு லெட்ரோசோல் என்ற மாத்திரை மாதத்தில் ஐந்து நாள் கொடுக்கப்படுகிறது. அது மேலே சொன்ன அரோமடேஸ் நொதியைத் தடுக்கிறது. இட்லி வேகாதபோது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. மூளை 'போதவில்லை' என்றெண்ணி எஃப்.எஸ்.எச்.-ஐக் கூட்டுகிறது. முட்டை வளர்கிறது. பழைய மருந்தான குளோமிபீன் மூளையின் காதையே அடைத்து இதே காரியத்தைச் சாதிப்பது. இரண்டையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. லெட்ரோசோல் பெற்றவர்களில் 27.5 சதவீதத்தினரும், குளோமிபீன் பெற்றவர்களில் 19.1 சதவீதத்தினரும் உயிருள்ள குழந்தை பெற்றார்கள். இந்தியாவில் 2011 அக்டோபரில் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு லெட்ரோசோலைத் தடைசெய்து, 2017-ல் அத்தடையை நீக்கினார்கள். ஆகவே யாராவது உங்களிடம் 'அது தடைசெய்த மருந்தாயிற்றே' என்று பழைய செய்தியைச் சொன்னால் கலங்க வேண்டாம். ஆனால் டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம்.

இதுவரை பெண்களைப் பற்றியே எழுதிவிட்டோம். அதே எஃப்.எஸ்.எச்.-உம் எல்.எச்.-உம் ஆண்களிலும் உண்டு. விதைப்பையில் எல்.எச்.-ஐக் கேட்கும் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் செய்கின்றன. எஃப்.எஸ்.எச்.-ஐக் கேட்கும் செல்கள் விந்தணுக்களைத் தாதிபோல் வளர்க்கின்றன. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால் ஆணுக்கு மருந்து கொடுத்தால் மூன்று மாதமாவது பொறுத்துத்தான் பலன் பார்க்க முடியும். இப்போது புதிதாக ஒரு தொல்லை வந்திருக்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் வாலிபர்கள் இருக்கிறார்கள். ஆண்மை கூடும் என்று எண்ணுகிறார்கள். நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து வந்ததைக் கண்ட மூளை 'தேவைக்கு மேல் இருக்கிறது' என்று தன் தூதுகளை நிறுத்துகிறது. விந்தணு உற்பத்தி படுத்துவிடுகிறது. உங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் இதை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரில் ஆணிடமும் காரணம் இருக்கிறது. ஆனாலும் மருத்துவமனைப் படி ஏறுகிறவள் மனைவி மட்டுமே. ஐந்து வருஷமாக மனைவிக்கு ஊசியும் ஸ்கேனுமாகச் செலவழித்துவிட்டு, தனக்கு ஒருமுறையும் பரிசோதனை செய்துகொள்ளாத கணவர்கள் உண்டு. 'எனக்கென்ன குறை?' என்பார்கள். படித்தவர்களும் இதில் விலக்கல்ல என்பதை வருத்தத்தோடு எழுதுகிறோம்.

நம் மருத்துவமனையில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். முதல் தடவையே இருவரும் சேர்ந்து வர வேண்டும். கணவருக்கு விந்துப் பரிசோதனை முதலில் நடக்கும். அது சுலபமானது, செலவும் குறைவு. அதன் பின்பே மனைவிக்கு மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் எஃப்.எஸ்.எச்., எல்.எச். பார்க்கிறோம். தைராய்டும், பால் சுரப்பிக்கும் புரோலாக்டினும் பார்க்கப்படுகின்றன. புரோலாக்டின் கூடினாலும் தைராய்டு குறைந்தாலும் மூளையின் துடிப்பு அடங்கிவிடும். இவ்விரண்டுக்கும் மாத்திரைகளே போதும். சோதனைக்குழாய்ச் சிகிச்சை நம்மிடம் இல்லை. அது தேவைப்படுகிறவர்களுக்கு எல்லாக் காகிதங்களையும் எழுதிக் கையில் கொடுத்து வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களுக்கு அனுப்புகிறோம். சென்ற ஆண்டுக் கணக்கில் நீங்கள் பார்த்த தொகை, கூலிவேலை செய்யும் குடும்பங்களுக்காக இந்த இரத்தப் பரிசோதனைகளுக்கும் விந்துப் பரிசோதனைக்கும் செலவானது. ஊசிகளுக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கவில்லை.